கூடைய நிறுத்தியா, கொழுந்த நிறுத்தியா?

வாடா பேராண்டி, அந்த லெப்டொப்ப மூடி வெச்சிட்டு இப்படிக் குந்து. மூட மனசு வராதே! விடியக்காலம் அஞ்சு மணிக்கு லயமே பீலியில மூஞ்சி கழுவப் போகுது. நீ மட்டும் போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு போன் வெளிச்சத்துல என்னமோ எண்ணிக்கிட்டுக் கெடக்க. ஒங்க அப்பாயி பயந்துட்டா, புள்ளைக்கிக் காதலோ கீதலோன்னு. நான்தான் சொன்னேன், அடி போடி, காதலா இருந்தா பய சிரிச்சிருப்பான், இவன் மூஞ்சி சம்பளச் சீட்டப் பாத்தவன் மூஞ்சி மாதிரி இருக்கு, இது ஏதோ கணக்குத்தான்னு.

"தாத்தா, இந்த மாசம் நம்ம சைட்டுக்கு 4,212 பேர் வந்திருக்காங்க"ன்னு நேத்து சொன்னியே, எனக்குப் புல்லரிச்சிப் போச்சி. தீவாளிக்கு மொத நாளு மஸ்கெலியா டவுன்லகூட அத்தன பேரு நிக்க எடமில்ல. "சரிடா, எத்தன பேரு காசு கட்டுனாங்க?"ன்னு கேட்டேன். நீ காதச் சொறிஞ்ச. "ஒம்பது"ன்ன. கொஞ்ச நேரங்கழிச்சி, மெதுவா, "அதுல ஒண்ணு நம்ம மாமா கட"ன்ன.

கடைக்காரங்களுக்கு பில் போடுற சொப்ட்வெயார் செஞ்சி, மாசச் சந்தாவுக்கு ஒன்லைன்ல விக்கிறேன்னு நீ கெளம்புனப்ப எனக்குச் சந்தோசந்தான். இப்ப என்னடான்னா, வந்த ஆளுகள எண்ணுறதுக்கு எந்தக் கருவி நல்ல கருவின்னு மூணு வாரமா ராத்திரி பூரா சிநேகிதனுங்களோட மீட்டிங்கு. விக்கிற சாமான் அப்படியே கெடக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ? முப்பத்தெட்டு வருசம் கொழுந்து மடுவத்துல தராசு புடிச்சவன்டா நான். எண்ணுறது, நிறுக்கிறது, கழிக்கிறது, இதுல எனக்குத் தெரியாத களவு இனிமேத்தான் பொறக்கணும். பாதிக் களவு நானே செஞ்சது. அத விடு.

மழ நாளுல கொழுந்து தண்ணியக் குடிச்சிட்டு வரும். கூடையோட தூக்கித் தராசுல மாட்டுனா முள்ளு குதிக்கும், பாக்கவே அழகா இருக்கும். ஆனா அதுல கூடை எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு கழிச்சித்தான் புஸ்தகத்துல எழுதணும். எவ்வளவு கழிக்கிறதுங்கிறதுலதான் அத்தன சண்டையும். ஒங்க அப்பாயி என்கிட்ட மொதமொதல்ல பேசுன பேச்சே அங்கதான். தலைக்கயித்த அவுத்துக்கிட்டே கேட்டா, "ஏய்யா, கொழுந்தத்தான் நிறுத்தீங்களா, இல்ல எங்க வயித்தையும் சேத்து நிறுத்தீங்களா?"ன்னு. அன்னைக்கி நான் கழிச்சது ரெண்டு கிலோ. அதுக்கு இன்னைக்கி வரைக்கும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்.

ஸ்டோருக்குள்ள போனா இன்னொரு கழிவு இருக்கு. நாலரக் கிலோ பச்சக் கொழுந்து போனாத்தான் ஒரு கிலோ தூளு வரும். எந்தத் துரையும் பச்சக் கொழுந்தோட கணக்கத் தூக்கிக்கிட்டு கொழும்பு ஏலத்துக்குப் போனதில்ல. அங்க ஒரே பேச்சுத்தான், தூளு எவ்வளவு, கிலோ என்னா வெல.

அப்ப ஒன் 4,212ல தண்ணியக் கழிப்பமா? அஞ்சு மணிக்குப் போர்வைக்குள்ள இருந்து ஒன் சைட்ட நீயே தெறந்து பாக்குறியே, அது ஒரு ஆளு. அதையே லெப்டொப்ல தெறந்தா இன்னொரு ஆளு. ஒன் சிநேகிதனுங்க ரெண்டு பேரும் அப்படியே. அப்பறம் ஊர்ல உள்ள தேடுற கம்பனிக்காரனெல்லாம் மோப்பம் புடிக்க எந்திரத்த அனுப்புறான், கூகிள் எந்திரம், பிங் எந்திரம், பேரில்லாத திருட்டு எந்திரம். தெரிஞ்ச எந்திரத்தத் தராசே தள்ளிரும், தெரியாதது ஆளு மாதிரி உள்ள வந்து குந்திக்கும். இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அத நீயா சொல்றியான்னு பாக்கிறேன். சொல்ல மாட்ட. பொறவு நானே சொல்றேன்.

எது நல்ல தராசுன்னு தெரியாம மூணையும் ஒரே வாசல்ல தொங்க விட்டியே, அது பெரிய வேடிக்க. பக்கம் தெறக்கவே சாமிமல பஸ் மேடு ஏறுற நேரமாகுது. சேர்வரு எழுதி வெக்கிற கணக்கு ஒம்பதாயிரத்துக்கு மேலங்குது, ஒண்ணு 4,212ங்குது, கூகிள் 3,390ங்குது. நீ தலையில கைய வெச்சிக்கிட்டு "எது தாத்தா உண்மை?"ங்குற. ஒம்பதாயிரத்தச் சொல்லிப் பெரும பீத்தாம நடுவுல உள்ளத எடுத்துக்கிட்ட பாரு, அந்த மட்டுக்கும் ஒங்க அப்பாயி ரத்தம்.

மூணும் உண்மதான்டா. நல்லதண்ணியில பாதையோரம் தேத்தண்ணிக் கட போட்டிருந்தானே ஒங்க பெரியப்பன், அவன நெனச்சிக்க. டிசம்பர் போயாவுக்கு சீசன் தொடங்குனா வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு சனம் வந்துக்கிட்டே இருக்கும். ஒருத்தன் ராத்திரி ஏறுறப்ப ஒரு பிளேன்டீ குடிக்கிறான், விடிஞ்சி எறங்குறப்ப ஒரு பிளேன்டீ குடிக்கிறான். இது ஒரு ஆளா, ரெண்டு ஆளா? ஒங்க பெரியப்பன் கிளாஸ எண்ணுவான், ரெண்டு. பெரியம்மா ஏறுறப்பவே அவன் கையில ஒரு நூலக் கட்டி விட்டு அத வெச்சி எண்ணுவா, ஒண்ணு. அந்தப் பொடியன், ஒன் அண்ணன்காரன், சட்டையும் தொப்பியும் பாத்து எண்ணுவான், படுத்து எந்திரிச்சா நேத்துப் பாத்த சட்ட எதுவும் ஞாபகம் இருக்காது, அவனுக்கு விடிஞ்சா எல்லாரும் புது ஆளு.

சேர்வர் கணக்கு ஒங்க பெரியப்பன், கிளாஸ எண்ணுது, எந்திரம் குடிச்ச கிளாஸையும் சேத்து. கூகிள் பெரியம்மா, குக்கின்னு நூலு கட்டுது. ஆனா ஆப்பிள் போன்ல அந்த மாதிரி நூலு பலதும் ஏழு நாளுல அந்துரும், விளம்பரத்த மறைக்கிற சாமான் போட்டவன் நூலக் கட்டவே விட மாட்டான், அதனால கொறச்சலாக் காட்டுது. நீ மாட்டுன மத்தது, பிளோசிபிள், அது பொடியன். நூலே கட்டாது. அன்னன்னைக்கி அடையாளத்தக் கலக்கி ஒரு குறி போட்டுக்கும், மறுநாளு குறிய மாத்திரும். அஞ்சு நாளு வந்தவன் மாசக் கணக்குல அஞ்சு ஆளு.

இதுல எது சரின்னு சண்ட புடிக்கிறவன் மடுவத்துல ஒரு நாளும் நின்னதில்லன்னு அர்த்தம். எங்க தராசு கால்கிலோ கூடக் காட்டும், துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெனமும் அதே கால்கிலோ கூடக் காட்டுனிச்சின்னா நேத்தைக்கும் இன்னைக்கும் உள்ள வித்தியாசம் சரியாத்தான் வரும். தராச மாத்தி மாத்தித் தொங்க விட்டாத்தான் கணக்குப் பாழு. ஒண்ண எடு, மத்தத அவுத்துப் போடு.

"அப்ப ஓசித் தராசே போதும்ல?"ன்னு வாயெடுக்குற. இரு. அந்த ஓசிக் கூகிள் தராசோட கதையக் கேளு. அது கூகிள்காரன் செஞ்சது இல்ல. அர்ச்சின்னு ஒரு அமெரிக்கக் கம்பனி காசுக்கு வித்துக்கிட்டு இருந்திச்சி, 2005ல கூகிள்காரன் அத வெலைக்கி வாங்கி, அந்த வருசம் நவம்பர்லயே ஊருக்கெல்லாம் ஓசின்னு வுட்டான். நீ வட்ஸ்அப்புல அனுப்புற லிங்க் வாலுல யூடிஎம், யூடிஎம்னு எழுதுறியே, அந்த மொத எழுத்து அந்த அர்ச்சின்தான். கம்பனி போச்சி, வாலு நிக்கிது.

அந்த வாலுன்னா எனக்கு ஒங்க பூட்டன் ஞாபகம். வெள்ளக்காரன் காலத்துல தொறையூர்ப் பக்கமிருந்து கூட்டி வந்தப்ப கழுத்துல ஒரு தகரத் துண்டத் தொங்க விட்டாங்களாம். தகர டிக்கெட்டு. எந்தத் தோட்டத்து ஆளுன்னு அதுல பொறிச்சிருக்கும். மண்டபம் கேம்புலயிருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் ஆன செலவ எந்தத் தோட்டத்துல புடிக்கிறதுன்னு அந்தத் தகரத்தப் பாத்துத் தெரிஞ்சிக்குவான். ஒன் யூடிஎம் வேற என்னா செய்யுது? வந்தவன் பேஸ்புக் வழியா வந்தானா, மெயில் வழியா வந்தானா, எந்தச் செலவு இவனக் கூட்டி வந்திச்சின்னு கழுத்துல தகரம் கட்டுது. தகரம் இல்லாம வந்தவனயெல்லாம் கூகிள் 'டைரக்ட்'னு ஒரே காம்பராவுல அடைக்கும். நம்ம ஊர்ல பாதி லிங்க் வட்ஸ்அப்புலதான் கைமாறுது, வாலு போடலன்னா அத்தனையும் டைரக்ட்டுத்தான். ஒன் 3,390ல எத்தன டைரக்ட்டுன்னு பாரு, மூக்குல வெரல வெப்ப. எந்தத் தராசு எடுத்தாலும் சரி, தகரத்த ஒழுங்காக் கட்டு. அதுக்குக் காசு கெடையாது.

ஓசிக் கதைக்கி வர்றேன். பழைய மஸ்கெலியா டவுன் எங்க இருந்திச்சி தெரியுமா? மவுஸ்ஸாகல தண்ணிக்கி அடியில. 1969ல டேம் கட்டித் தண்ணி ஏறுனப்ப எனக்கு எளவட்டம். கடத் தெருவு, எனக்குக் காது குத்துன கோயிலு, பன்சல, பள்ளிவாசலு எல்லாம் உள்ள போச்சி. மேல புது டவுன் கட்டிக் குடுத்தாங்க, நல்ல டவுன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எங்கப்பன் கடனுக்கு அரிசி வாங்குன கட எதுன்னு யாருக்கும் காட்ட முடியல.

கூகிள்காரனும் அதத்தான் செஞ்சான். 2020ல புதுத் தராசு கொண்டாந்தான். 2023 ஜூலை 1ஆந் தேதியோட பழசு நிறுக்கிறத நிப்பாட்டிட்டான். அடுத்த வருசம் பழைய புஸ்தகத்தையும் அழிச்சிட்டான். புதுசுல கணக்குப் பழக்கமே வேற. முன்னயெல்லாம் ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டுப் போனவன் 'வந்த வேகத்துல திரும்புனவன்', அவ்வளவுதான். இப்ப பத்து செக்கனுக்கு மேல நின்னாலே ஒழுங்கா வந்துட்டுப் போனவன்னு எழுதிக்கிறான். பத்து செக்கன்டா! நம்ம ஆளு கொட்டாவி விட அவ்வளவு நேரம் எடுப்பான். பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்துல வெச்சிப் பாத்தவன் எல்லாரும் பைத்தியம் புடிச்சி நின்னான். கோட காலத்துல தண்ணி வத்துனா எங்க கோயிலாவது தலைய நீட்டும், நாங்களும் போய் ஒரு கற்பூரம் கொளுத்திட்டு வருவோம். அந்தக் கணக்கு எந்தக் கோடையிலயும் வெளிய வராது.

இன்னொரு சூட்சுமம். ஆள் ஆளாப் பிரிச்சிப் பாக்குற விவரத்த அது ரெண்டு மாசந்தான் வெச்சிருக்கும், நீயாப் போயி மாத்துனா 14 மாசம். மாத்துனியா? முழிக்கிற. நல்லதண்ணிக் கடைக்காரனுக்குப் போன சீசனையும் இந்த சீசனையும் பக்கத்துல வெச்சிப் பாக்கணும்னா ரெண்டு மாசத்துக் கணக்கு எதுக்கு ஆகும்?

அதனால தராசு வாங்குறப்ப மொதக் கேள்வி இதுதான்: நான் போகணும்னா துண்டு குடுப்பியா? ஒனக்குத் துண்டுன்னா தெரியாது. அந்தக் காலத்துல ஒரு தோட்டத்த வுட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா கடன் இவ்வளவுன்னு எழுதி ஒரு துண்டு குடுக்கணும். அது இல்லாதவன எவனும் பெரட்டுல சேக்க மாட்டான். துண்டக் குடுக்காமலே ஆளக் கட்டிப் போட்டானுங்க. 1921ல சட்டம் போட்டுத்தான் அத ஒழிச்சாங்க. ஒன் கணக்க மொத்தமா எறக்கி எடுத்துக்கிட்டு வேற எடத்துக்குப் போக விடாத தராசு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் பக்கத்துல போகாத.

கூகிள் தராசக் கெட்டதுன்னு நான் சொல்லல. அவன்கிட்ட விளம்பரக் காசு கட்டுறவனுக்கு அது தோதானது, எந்த விளம்பரம் எந்த ஆளக் கொண்டாந்திச்சின்னு அவன் ரெண்டு புஸ்தகத்தையும் சேத்துக் காட்டுவான். நீ அவனுக்கு விளம்பரக் காசு கட்டுறியா? சல்லிக் காசு இல்ல. அப்பறம் ஒன் வாசல்ல அவன் ஆளு எதுக்குக் கொப்பியோட குந்தியிருக்கான்?

அதுக்கின்னு நீ கோவத்துல "சொந்தமாவே மாட்டிக்கிறேன்"னு குதிக்காத. மட்டோமோன்னு ஒண்ணு இருக்கு, 2007ல பிவிக்குன்னு பொறந்து 2018ல பேர் மாத்துன ஓப்பன் சோர்ஸு, ஒன் சேர்வர்லயே வெச்சிக்கலாம், கணக்கு வெளிய போகாது. உமாமின்னு இன்னொண்ணு, அதுவும் அப்படித்தான். ஓசிக் கன்னுக்குட்டி நல்லதுதான், புல்லு யாரு அறுக்கிறது? தராசுக்கு எண்ண போடணும், சேர்வர் படுத்தா எழுப்பணும், டேட்டாபேஸ் வீங்குனா பத்துப் போடணும். மூணு பேரு இருக்கீங்க, அதுல ஒருத்தன் முழு நேரம் தராசு தொடச்சிக்கிட்டு இருந்தா கொழுந்து யாரு எடுப்பா? மாசம் கொஞ்சக் காசு கட்டிச் சின்னத் தராசா ஒண்ணு வாங்கிக்க, அதான் என் புத்தி. ஆனா டொலருல கட்டுறோம்கிறத மறந்துராத. 2022 தொடக்கத்துல பத்து டொலர்னா ரெண்டாயிரம் ரூபா, அந்த வருசம் மே மாசம் அது மூவாயிரத்து அறுநூறு. தராசு அதே தராசுதான், நம்ம ரூபாதான் மெலிஞ்சி போச்சி.

"சின்னத் தராசு திரும்பி வந்தவன எண்ணாதே தாத்தா"ன்னு கேக்குறியா? இப்பத்தான் புத்தியாக் கேட்ட. சிவனொளிபாதமல உச்சியில ஒரு மணி இருக்கே. எத்தனாவது தடவ ஏறுறானோ அத்தன தடவ அடிப்பான். மொதத் தடவ ஏறுறவன சிங்கள ஆளுக 'கோடுகாரயா'ம்பாங்க, அவன் ஒரு அடி அடிச்சிட்டு மூச்சு வாங்கி நிப்பான். பக்கத்துல ஒரு கெழவி வந்து இருவத்தஞ்சி அடி அடிப்பா, மல பூரா கேக்கும். அவள எண்ண கீழ கேட்டுல ஒரு ஆளு போடணுமா? அவளே சொல்றா. ஒன் சொப்ட்வெயாருல தெனம் காலையில பேரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ள வர்றானே, அவன் அடிக்கிற மணி அது. ஒன் சொந்த டேட்டாபேஸ்லயே விழுந்துக்கிட்டு இருக்கு. அதக் கேக்காம வாசல்ல நிக்கிறவன்கிட்ட போயி எவன் திரும்பி வந்தான்னு விசாரிக்கிற.

அதே மாதிரிதான் எங்க திரும்பிப் போறான்கிறதும். நல்லதண்ணியில கெளம்புறவன் எல்லாரும் உச்சிக்கிப் போறதில்ல. சில பேரு ஜப்பான்காரன் கட்டுன வெள்ள விகாரையோட போட்டோ புடிச்சிட்டுத் திரும்பிருவான். சில பேரு சீத கங்குல தண்ணியில மூஞ்சி கழுவிட்டு, மேல தெரியிற படியப் பாத்து மனசு மாறுவான். அதுக்கு மேல போனவன் வீம்புக்காவது ஏறிருவான். ஒவ்வொரு எடத்துலயும் எத்தன பேரு கழண்டான்னு தெரிஞ்சா எங்க தேத்தண்ணிக் கட போடணும், எங்க கைப்புடி கம்பி போடணும்னு தெரியும். மிக்ஸ்பனல், அம்ப்ளிடியூட், போஸ்ட்ஹொக்னு பெரிய தராசுங்க இதுக்குன்னே இருக்கு. ஆயிரக்கணக்குல ஆளு வர்றப்ப வாங்கு. இப்ப ஒனக்கு இருக்குறது 61 பேரு. நேத்து ராத்திரி ஒன் சிநேகிதன் அரமணி நேரத்துல டேட்டாபேஸ்லயிருந்து எடுத்துக் குடுத்தான்: பேர் குடுத்தவன் 61, சாமான் வெல பதிஞ்சவன் 52, மொதப் பில் போட்டவன் 40, சந்தா கட்டுனவன் 9. இத ஒரு ரூல் கொப்பியில எழுதிப் பாக்க எந்தக் கருவியும் வேணாம். நாப்பதுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல எங்கயோ பாத இடிஞ்சிருக்கு.

அந்த 4,212 எப்புடி வந்திச்சின்னு இப்ப சொல்லவா? "சைட்டப் பாத்துட்டு கமெண்டு போட்டா 100 ரூபா ரீலோட்"னு பேஸ்புக்ல போட்ட. நேத்து ஒன் தங்கச்சி வாயத் தொறந்துட்டா, பாவம், அவளும் ஒரு ரீலோட் வாங்கியிருக்கா. கட கண்ணி இல்லாதவனெல்லாம் வந்தான், நூறு ரூபாய்க்கி.

இது மடுவத்துல நாங்க பாத்த பழைய சினிமாடா. 2021ல நாள் சம்பளம் 1,000 ரூபான்னு வந்தப்ப, சில தோட்டத்துல 18 கிலோவா இருந்த நோமத் தூக்கி 20ங்கிட்டாங்க. கொறஞ்சா அரப்பேரு, பாதிச் சம்பளந்தான். பொம்பளைங்க என்னா செய்வாங்க? ரெண்டு இலையும் மொட்டும் பாத்துக் கிள்ளிக்கிட்டு இருந்தா கிலோ ஏறுமா? முத்தலும் காம்பும் கூடைக்குள்ள போச்சி, கிலோ வந்திச்சி, தூளு கெட்டுச்சி. அவங்களக் கொற சொல்ல மாட்டேன், கிலோவத்தான கேட்டீங்க, கிலோவக் குடுத்தாங்க. கிலோ எண்ணிக்கையப் பெருமையாக்குனா முத்தல் வரும், ஆள் எண்ணிக்கையப் பெருமையாக்குனா ரீலோட் வாங்க வந்தவன் வருவான். நீயே நோம் போட்டு, நீயே முத்தல் பறிச்சி, நீயே நிறுத்து, நீயே புல்லரிச்சிக்கிட்ட. துரைமாருக்குக்கூட இந்த யோசன வந்ததில்ல.

ஒரு விசயத்துல மட்டும் நான் வெளையாட மாட்டேன். ஒன் சிநேகிதன் இன்னொரு கருவி சொன்னானே, வந்தவன் எலிய எங்க நகத்துறான், எங்க தயங்குறான், எத எழுதி அழிக்கிறான்னு படம் புடிச்சி வெக்கிறது. கொழுந்து எடுக்குறப்ப முதுகுக்குப் பின்னால கங்காணி வந்து மூச்சு விடுறது எப்படி இருக்கும்னு ஒங்க அப்பாயியக் கேளு. எண்ணப்படுறதுன்னா என்னான்னு நம்ம சனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். வேலைக்கி எண்ணுனாங்க, 1948ல சட்டம் போட்டுப் பிரஜைன்னு எண்ண மாட்டோம்னாங்க. 1964ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் குந்தி, 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்க, மிச்சம் 150,000 பேரப் பொறவு பாத்துக்கலாம்னு பிரிச்சாங்க. கொழுந்துகூட மிச்சம் வெச்சாக் கருகிரும்னு அன்னன்னைக்கே நிறுத்துருவோம். எங்க சித்தப்பன் ஒரு கணக்குல, நாங்க ஒரு கணக்குல. சித்தப்பன் அந்தப் பக்கம் போயி கூடலூர்ல தேயிலத் தோட்டத்துலயே வேலைக்கி நின்னான், அங்கயும் தராசு.

அதனால ஒருத்தனப் பத்தி எழுதி வெக்கிறதுக்கு முன்னால கேட்டுட்டு எழுது. இங்கயும் 2022ல 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கு, தனிப்பட்ட தரவப் பாதுகாக்கன்னு. பாரிசு லா சப்பல்ல கட வெச்சிருக்கிற நம்ம ஆளுகளுக்கு விப்போம்னு கனவு காணுறியே, அங்க இன்னும் இறுக்கம். 2022லயே ஆஸ்திரியாவுலயும் பிரான்சுலயும் அதிகாரிங்க கூகிள் தராச வாசல்ல தொங்க விட்டவங்கள மடக்கி, ஆளுங்க விவரத்த அமெரிக்காவுக்கு அனுப்புறது சட்டத்துக்கு ஒத்து வரலன்னு எழுதுனாங்க. அடுத்த வருசம் ரெண்டு பக்கமும் புது ஒப்பந்தம் போட்டுச் சமாதானமானது வேற கத. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைன்னு ஒரு கிராமத்துல குந்திக்கிட்டு உலகத்துக்கே சொப்ட்வெயார் விக்கிறாங்களே, ஜோஹோ, அவங்க வெளிக் கம்பனி ஒத்தனுங்கள எங்க சைட்டுல நிக்க விட மாட்டோம்னு பல வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. பெரிய கம்பனியே அப்படி. மூணு பேரு கம்பனிக்கி எதுக்குடா அடுத்தவன் வேவுக்காரன்?

சரி, நாப்பதுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல. நீ ராத்திரி வரைபடம் போட்டுப் பாத்த, கோடு கீழ எறங்குது. கோடு எறங்குறது எனக்கும் தெரியிது, ஏன் எறங்குதுன்னு எந்தத் தராசும் பேசாது. நேத்து மருந்து வாங்கப் போறேன்னு டவுனுக்குப் போனேன்ல, மருந்து ரெண்டு நிமிச வேல. மிச்ச நேரம் பஸ் ஸ்டாண்டுக்கு மேல உள்ள ஒரு சில்லறக் கடையில குந்தியிருந்தேன். ஒன் நாப்பதுல அவரும் ஒருத்தரு, பில் போட்டுப் பாத்துட்டு வுட்டவரு.

"ஏந்தம்பி, எங்க வீட்டுப் பய செஞ்சது நல்லா இல்லியா?"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. "நல்லாத்தான் இருக்கு ஐயா. தோட்டத்து அக்காமாரு வந்து அரிசி, மா, பருப்பு, சீனின்னு எடுத்துட்டு, பத்தாந் தேதி சம்பளத்துல தர்றேன்னு போறாங்க. அத எந்த எடத்துல எழுதுறது? காசு, கார்டு, ரெண்டு பட்டன்தான் இருக்கு. கடனுக்குப் பட்டன் எங்க ஐயா?"

மேசைக்கடியில இருந்து நீளக் கொப்பி ஒண்ண எடுத்துக் காட்டுனாரு. முன்னட்டையில சந்தனப் பொட்டு. பக்கத்துக்கு ஒரு வீடு, லய நம்பரு, காம்பரா நம்பரு, பேரு, கீழ சாமான் வரிசையா. கட்டுனவங்க பக்கத்துல குறுக்குக் கோடு. கட்டாதவங்க பக்கத்துல ஓரம் மடிச்சிருந்திச்சி. நம்ம வீட்டுப் பக்கமும் இருந்திச்சி. ஓரம் மடிச்சித்தான் இருந்திச்சி, ஒங்க அப்பாயிகிட்ட சொல்லாத.

ஒன் சாமானுல கடன் பட்டன் இல்ல. மஸ்கெலியாவுல கட நடத்துறவனுக்கு, கடன் எழுத எடமில்லாத பில்லுப் புஸ்தகத்த வித்திருக்க. நாப்பதுல ஒம்பது போக மிச்ச முப்பத்தோரு பேரையும் மூணு தராசு போட்டு எண்ணிக்கிட்டு இருந்த, ஒருத்தருக்குக்கூட போன் போட்டுக் கேக்கல.

போ, போயி ரெண்டு தராச அவுத்துப் போடு. அந்த முப்பத்தோரு நம்பரையும் கொப்பியில எழுதிக்கிட்டு வா, நாளுக்கு அஞ்சு பேருக்குப் பேசு, நான் பக்கத்துல குந்தியிருக்கேன், "ஐயா சொகமா"ன்னு தொடங்கி வெக்கிறேன். கடன் பட்டன் எவ்வளவு நாளுல வரும்? ரெண்டு வாரமா? பத்தாந் தேதிக்கி முன்ன வந்தா நல்லது, அன்னைக்கித்தான் எல்லாரும் கொப்பியத் தெறப்பாங்க.

எந்திரிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டுப் போடா. காலையில இருந்து தொண்ட வறளப் பேசியிருக்கேன், ஒரு தேத்தண்ணி கூட வரல. இன்னைக்கி எனக்கு முழுப் பேரு போடுவியா, இல்ல நோமுக்குக் கொறஞ்சிருச்சின்னு அரப்பேருதானா?